கண்ணும் கையும்

மருத்துவத்தின் வளர்ச்சியை வைத்தியசாலைகளில் நிறுவப்படும் இயந்திரங்களின் தொகையைக் கொண்டு அளவிடும் போக்கு இன்று மேலோங்கிக் காணப்படுகின்றது. ஸ்கான் இயந்திரம் ஒன்று வந்திறங்கியதும் விழா எடுக்கப்படுகின்றது, உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. ஆயின், அவ்வியந்திரம் காட்டும் நாடியடைப்பை நீக்குவார் யார், எவ்வளவு நேரத்தில் நீக்குவார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. காண்பதையும் செய்வதையும் பிரித்து வைக்கும் மருத்துவம், நோயாளியின் அழிவைப் படம்பிடித்துக் காட்டும் மருத்துவமேயன்றி வேறன்று.

இப்பிரிவினை புதியதன்று. 1964 ஜனவரி 16ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், கால்விரல்கள் அழுகிய நிலையிலும் காலைத் துண்டிக்க இணங்காத 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் கதிரியல் நிபுணர் சாள்ஸ் டொட்டர் சிகிச்சை அளித்தார். கதிர்ப்படத்தின் துணையோடு, தொடை நாடியினுள் மெல்லிய கம்பியையும் அதன்மேல் கதீற்றர்களையும் செலுத்தி, ஒடுங்கிய பகுதியை விரித்தார். கால் பிழைத்தது. ஆயினும் அந்நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் பலர் அம்முறையை ஏற்கவில்லை. படம் எடுக்கலாம், திருத்த முற்படலாகாது என ஒருவர் டொட்டருக்கு விண்ணப்பத்தாளிலேயே எழுதியனுப்பினார். கதிரியல் நிபுணர் கண்ணாக மட்டும் இருத்தல் வேண்டும். கையாக மாறலாகாது என்பதே அதன் உட்கிடை. அம்முறை ஐரோப்பாவிலேயே வளர்ந்தது. 1977இல் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குறுன்ட்சிக் இதயத்தின் முடியுரு நாடியைப் பலூன் கொண்டு விரித்தமை அவ்வளர்ச்சியின் விளைவேயாகும்.

அந்தத் தயக்கம் நோயாளியைக் காக்கும் எச்சரிக்கையே எனச் சிலர் வாதிடுவர். எச்சரிக்கை வேண்டியதே, ஆயின் அது சோதனைக்கு இட்டுச்செல்ல வேண்டுமேயன்றி வேலியாகி நின்றுவிடலாகாது. மூளை நாடியிலுள்ள குருதிக்கட்டியைக் கதீற்றர் வழியே அகற்றும் முறையை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த மூன்று ஆய்வுகள் அதன் பயனை நிறுவத் தவறின. 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளோ பெரும்பயனை நிறுவின. இடையில் மாறியது யாது? கட்டியைப் பற்றியிழுக்கும் கருவி திருந்தியது, பெரிய நாடியொன்று அடைபட்டுள்ளமை முன்னரே படத்தினால் உறுதிசெய்யப்பட்டது, தாமதம் குறைக்கப்பட்டது. கண்ணும் கையும் கடிகாரமும் ஒன்றிணைந்தபோதே வெற்றி கிட்டியது.

மூளையின் பெரிய நாடி அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளிவந்த கணிப்பு. கட்டியைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்றுதல் வேண்டும். பாரிசவாதம் குருதிப்பெருக்கினால் விளைந்ததாயின் அம்மருந்தே உயிரைப் பறிக்கக்கூடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியவே சி.ரி. ஸ்கான் முதலில் வேண்டப்படுகின்றது. எனவே ஸ்கான் சிகிச்சையின் வாயிலேயன்றிச் சிகிச்சையன்று. படத்தை வாசிக்க ஆளில்லாத, மருந்து இருப்பில் இல்லாத, அடைப்பை நீக்கவல்ல இடத்துக்கு நோயாளியை விரைந்து அனுப்பும் ஏற்பாடில்லாத வைத்தியசாலையில், அவ்வாயில் சுவரை நோக்கியே திறக்கின்றது.

வறிய நாடுகளுக்கு இவையெல்லாம் ஆடம்பரம், குருதியழுத்தத்தைக் கட்டுப்படுத்தினாற் போதும் என்பாரும் உளர். தடுப்பு முதன்மையானதே. ஆயினும் தடுப்பையும் மீறி வீழ்ந்தவனைக் கைவிடுவது சிக்கனமாகாது. பேச்சிழந்து, ஒருபக்கம் செயலிழந்து ஆண்டுக்கணக்காகப் படுக்கையில் கிடப்பவனின் செலவு அரசாங்கக் கணக்கிலிருந்து மறைந்துவிடலாம். அவனைப் பராமரிக்கும் மனைவியின் கணக்கிலிருந்தோ மகளின் கணக்கிலிருந்தோ மறைவதில்லை. மேலும், இயந்திரத்தை வாங்கப் பணம் உண்டு, அதனோடு இணையவேண்டிய ஆளணிக்கு மட்டும் இல்லை என்பது வறுமையன்று, கண்துடைப்பு.

ஆகவே அளவுகோல் மாறுதல் வேண்டும். எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்பதன்று வினா. நோயாளி வாயிலை அடைந்த கணத்திலிருந்து அவனது நாடி திறக்கப்படும்வரை கழிந்த நிமிடங்கள் எத்தனை என்பதே வினா. அவ்வெண்ணைப் பதிந்து மக்கள் முன் வைக்க முன்வராத வைத்தியசாலை நிருவாகம், எத்துணை ஸ்கான்களைத் திறந்து வைப்பினும், கையற்ற கண்ணாகவே நின்றுவிடும்.