மீன்குஞ்சு விடும் முன் பி.எச் பாருங்கள்

மாரியூர், வாலிநோக்கம் என்றால் உப்பளம்தான் நினைவுக்கு வரும். இந்தக் கரையில் உவர்நீர்க் குட்டையில் கொடுவா வளர்க்க நினைப்போரும், உள்ளே தள்ளிப் பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்போரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "குஞ்சு விட்ட மறுநாளே செத்து மிதக்கிறது." உடனே பழி குஞ்சு விற்றவர் மேல் விழும். குட்டை நீரின் பி.எச் அளவை யாரும் பார்ப்பதில்லை.

மீனின் ரத்தத்திலும் அமிலமும் காரமும் அளவோடு இருக்க வேண்டும். நாம் மூச்சை வேகமாக விட்டு அமிலத்தைக் குறைத்துக்கொள்கிறோம். நீரில் வாழும் மீனுக்கு அது பெரிதாக உதவாது. அதற்கெனத் தனி செல்கள் உள்ளன. அமிலம் கூடினால் அதை வெளியே தள்ளுகின்றன. காரம் கூடினால் பைகார்பனேட்டை வெளியேற்றுகின்றன. வளர்ந்த மீனுக்கு இவை செவுளில் இருக்கும். பொரித்த குஞ்சுக்குச் செவுள் முழுதாக உருவாகியிருக்காது என்பதால் உடல் தோலிலும் மஞ்சள்கருப் பையின் மேலும் இருக்கும். இந்த வேலைக்குச் சக்தி செலவாகும். நீர் திடீரென மாறினால் குஞ்சால் ஈடுகொடுக்க முடியாது.

ஆக்சிஜன் பையில் வரும் குஞ்சு விடும் மூச்சால் பை நீரில் கரியமில வாயு சேர்ந்து பி.எச் இறங்கும். கழிவால் அம்மோனியாவும் சேரும், பி.எச் குறைவாக இருப்பதால் அதன் நஞ்சு அடங்கியிருக்கும். குட்டையில் பகல் முழுதும் பாசி கரியமில வாயுவை எடுப்பதால் பிற்பகலில் பி.எச் 9 வரை ஏறலாம். நம் ஊர் வெப்பத்தில் பி.எச் 8-ல் அம்மோனியாவில் சுமார் 7 சதவீதமே நஞ்சு வடிவில் இருக்கும். 9-ல் அது 40 சதவீதத்தை நெருங்கும். அந்த நேரத்தில் பையைப் பிரித்துக் குட்டை நீரை ஊற்றினால் இரண்டு அடியும் சேர்ந்து விழும்.

"வெயில் தாழ்ந்ததும் விடலாம்" என்ற பழக்கம் சூட்டை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. மாலையில் நீர் குளிர்ந்தாலும் பி.எச் இறங்கியிருக்காது. பொழுது விடிந்து ஆக்சிஜன் ஏறத் தொடங்கும் காலை 7, 8 மணியே என் கருத்தில் சரியான நேரம். கட்டிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிரித்ததும் குட்டை நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து விடுங்கள். முதல் நாளே காலை, பிற்பகல் இரு வேளையும் பி.எச் பாருங்கள். 7.5 முதல் 8.5 வரை நல்லது. அளக்காமல் சுண்ணாம்பு கொட்ட வேண்டாம்.

மீன்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-லேயே கடல் விராலைப் பொரிக்க வைத்துக் காட்டியது. குஞ்சு உற்பத்தியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். குட்டைக்கு மானியம் தரும்போது பி.எச் சோதனைப் பெட்டி ஒன்றையும் சேர்த்துத் தாருங்கள். குஞ்சு வண்டி காலையில் ஊர் சேரும்படி அனுப்புங்கள். செலவு சிறிது, பிழைக்கும் குஞ்சு அதிகம்.