தண்ணிக் காசு... கணக்கு கேட்டீங்களா?

ஹாஸ்டல் சாம்பாருக்கு டாட்டா காட்டிட்டு, நாலு பேர் சேர்ந்து சென்னையில வீடு எடுத்துத் தங்கியிருக்கீங்களா? அப்போ இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

வாடகை தனி, கரன்ட் பில் தனி. அதுக்கு மேல, 'தண்ணிக் காசு தலைக்கு 200'னு ஒரு ஐட்டம் வருதா? நாலு பேருக்கு மாசம் 800. ஆறு மாசத்துக்கு 4,800 ரூபாய்! ரீசார்ஜ் பண்றதுக்கு முன்னாடி பத்து ஆஃபரை அலசுற நாம, இதை மட்டும் வாய் திறக்காம எடுத்துக் கொடுத்துடறோம்.

சரி, ஒரிஜினல் பில்லில் என்னதான் இருக்கும்? சென்னையில குழாய்த் தண்ணிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் பொறுப்பு மெட்ரோ வாட்டர். அதுக்கு வீட்டு ஓனர் ரெண்டு விஷயம் கட்டணும். ஒண்ணு வரி. வீட்டோட ஆண்டு மதிப்பில் 7 சதவிகிதம். இன்னொண்ணு தண்ணீர்க் கட்டணம். மீட்டர் இல்லாத வீட்டுக்கு இது ஃபிக்ஸட் ரேட். ஒரு பக்கெட்ல குளிச்சாலும் ஒன்பது பக்கெட்ல குளிச்சாலும் ஒரே தொகைதான்! பல வருஷம் மாசம் 50 ரூபாயா இருந்தது, அப்புறம்தான் ஏறிச்சு. ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்னு அரையாண்டுக் கணக்கு.

உடனே 'ஓனர் அங்கிள் ஏமாத்துறார்'னு கொடி பிடிச்சுடாதீங்க பாஸ்! மோட்டார் ஓடுற கரன்ட், சம்ப் கழுவுற கூலி, லாரித் தண்ணி எல்லாம் அந்த 800-க்குள்ள இருக்கலாம். 2019 கோடை ஞாபகம் இருக்கா? ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சே! அந்த மாதிரி நேரத்துல குழாய் பில் அப்படியேதான் இருக்கும். எகிறுறது லாரிச் செலவுதான்.

அதனால, சண்டை போட வேணாம். கணக்கு கேளுங்க. 'அங்கிள், இந்த அரையாண்டு பில் எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. கட்டின ரசீதையும் பார்த்துடுங்க. பாக்கி நின்னா அபராதம் ஏறும், இணைப்புக்கே ஆபத்து வரலாம். பில் அவர் பேர்லதான் இருக்கும். ஆனா, காலையில பிரஷ்ஷோட குழாயடியில முழிக்கப் போறது நீங்கதான்!

இன்னும் ஈஸியா ஒரு வழி இருக்கு. பில்லில் இருக்கிற நுகர்வோர் எண்ணை வாங்கி, மெட்ரோ வாட்டர் இணையதளத்துல நீங்களே கட்டிட்டு, அந்தத் தொகையைத் தண்ணிக் காசுல கழிச்சுக்கச் சொல்லுங்க. ரசீது கையில இருந்தா பேச்சே கிடையாது. இதையெல்லாம் குடி வர்றப்பவே வாடகை ஒப்பந்தத்துல எழுதிட்டா இன்னும் சேஃப்.

ஒருவேளை பேச்சு முத்தி, 'தண்ணியை நிறுத்திடுவேன்'னு சவுண்ட் வந்தா? பயப்படாதீங்க. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது. மீறினா, வாடகை அதிகாரிகிட்ட முறையிடலாம்.

இன்டகிரேஷன்ல ஒரு மார்க் போனாலே ரீவேல்யூவேஷன் போடுற கோஷ்டி நாம. 4,800 ரூபாய்க்கு ஒரு ரசீது கேட்கக் கூச்சப்படலாமா?