பச்சோந்தி மீது ஒரு பொய் வழக்கு

தேர்தல் காலத்தில் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்த மேடைக்கு முன்னால் போய் நின்றாலும் அரை மணித்தியாலத்துக்குள் ஒரு பச்சோந்தி வந்துவிடும். கட்சி மாறியவர், நேற்றுச் சொன்னதை இன்று மறுத்தவர் எல்லாரும் பச்சோந்திகள். பேசுகிறவருக்கும் கை தட்டுகிறவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: இந்தப் பிராணி இருக்கிற இடத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு ஆளை ஏய்க்கும். இலையில் பச்சை, பட்டையில் மண்ணிறம், சிவப்புச் சீலையில் விட்டால் சிவப்பு. கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். முதல் இரண்டு நிறமும் அதற்கு உண்டு, ஆனால் இவர்கள் சொல்லும் காரணத்துக்காக வருவதில்லை.

பொய் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் எழுதிவைத்தார்: பச்சோந்தி தொட்ட பொருளின் நிறத்தை எடுக்கும், காற்றைக் குடித்தே சீவிக்கும். காற்றுச் சாப்பாட்டுக் கதையை உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. மற்றதை விட மட்டும் மனமில்லை. திட்டுவதற்கு வாய்ப்பாக இருக்கிறதல்லவா!

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். இரவில் குளக்கட்டோரப் பற்றைகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சோந்தி இருந்தால் மெல்லிய கொப்பின் நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கும். சுற்றிவர இலையெல்லாம் கரும்பச்சையாக இருக்க, அது மட்டும் வெளிறிப்போய் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஒளிப்பதற்காகத்தான் நிறம் மாறுகிறது என்றால் இதைவிடக் கேடுகெட்ட ஒளிப்பு உண்டா? விடிந்த பிறகு இன்னொரு கூத்து. உடம்பைத் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிச் சூடேற்றிக்கொள்ளும். மறுபக்கம் வெளிறியபடியே இருக்கும். கொப்பும் அதே, இலையும் அதே, உடம்பில் மட்டும் இரண்டு நிறம். எந்த இலையைப் பார்த்து எந்த நிறத்தை எடுத்தது என்று மேடைக்காரர்தான் சொல்லவேண்டும்.

நிறம் அதன் உடம்பு நிலையும் மனநிலையும். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகஸ்கார் பச்சோந்தியின் தோலைக் குடைந்து பார்த்தார்கள். தோலின் மேற்படைக் கலங்களுக்குள் குவானின் என்னும் பொருளின் நுண்பளிங்குகள் ஒழுங்காக அடுக்கிக் கிடக்கின்றன. ஆறுதலாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் தெறிக்கவைக்கும். அதோடு தோலின் மஞ்சள் நிறமி சேர நமக்குப் பச்சை தெரிகிறது. இன்னொரு ஆணைக் கண்டு உசுப்பேறினால் பளிங்குகளின் இடைவெளி விரியும், தோல் மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் போகும். அதாவது, ஆத்திரம் வந்த நேரத்தில் அது பற்றைக்குள் கரையவில்லை, எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் வந்து நிற்கிறது. அரிசோனாவில் யேமன் நாட்டுப் பச்சோந்திகளை எதிரெதிரே விட்டு ஆராய்ந்தவர்கள் 2013இல் எழுதியது இன்னும் சுவையானது. உடம்புக் கோடுகள் கூடப் பிரகாசமாகும் ஆண்தான் சண்டைக்குக் கிட்டப் போகும். தலை வேகமாகப் பிரகாசிக்கும் ஆண்தான் பெரும்பாலும் வெல்லும். தென்னாபிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளை ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்விலும், பலவகைச் சூழலில் வாழும் இனங்கள் கூடுதலாக நிறம் மாறவில்லை. தம் இனத்தாருக்கு எடுப்பான சைகை காட்டுகிறவைதான் மாறின.

அதற்கு ஒளிக்கவே தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. ஆறுதல் நிறம் பச்சையாக இருப்பது பற்றைக்குள் உதவத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கிட்டப் போனால் அது நம்புவது நிறத்தை அல்ல. கொப்பைச் சுற்றி மெல்ல மறுபக்கம் போய், விலாவை ஒடுக்கி, ஒரு கண்ணை மட்டும் உங்கள் மீது வைத்திருக்கும். மற்றக் கண் வேறெங்கோ பார்க்கும். நடந்தாலும் முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்து அசைந்து, காற்றில் இலை ஆடுவதுபோலத்தான் நடக்கும்.

வன்னியில் பலர் இதைக் கண்டதே இல்லை என்பதுதான் வேடிக்கை. வேலிக் கதியாலில் தலை சிவந்து நிற்கும் ஓணானைக் காட்டி, "அங்க பார், பச்சோந்தி நிறம் மாத்துது" என்பார்கள். அது இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணான். இலங்கையில் உண்மையான பச்சோந்தி ஒரே ஒரு இனம், வறண்ட வலயத்துக்காரன். இந்தியாவில் இருப்பதும் அதே இனம். 1768இல் லோரென்றி என்ற இயற்கையியலாளர் அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரில் நிற்பது நம்முடைய தீவின் பெயர்தான், செய்லானிக்கஸ். காட்டுப் பற்றையை டோசர் போட்டு வழித்தால் அது போக வேறு இடமில்லை.

ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தோடு, நஞ்சு என்ற பட்டத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதுதான் அதன் உயிருக்கு உலை. பச்சோந்திக்கு நஞ்சு இல்லை. உடம்பை ஊதி, கறுத்து, வாயைப் பிளந்து சீறுவது வெறும் வெருட்டு. ஓடித் தப்ப முடியாததால் வேறு வழியில்லை. பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டி முட்டையிட நிலத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். அப்போதுதான் தார் றோட்டில் அகப்படுகிறது. தார் நிறத்துக்கு மாறித் தப்புவதும் இல்லை. அப்படி ஒன்றைக் கண்டால் அடிக்கக் கையிலெடுத்த தடியையே அதன் முன்காலடியில் நீட்டுங்கள். இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் இறுகப் பற்றித் தானாகவே ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் பற்றையில் கொண்டுபோய் விடுங்கள்; வந்த பக்கத்தில் விட்டால் திரும்பவும் றோட்டுக்குத்தான் இறங்கும்.