பெட்டி அவளுக்கு, சாவி யாருக்கு?

சௌராஷ்டிரா பக்கம் கல்யாணப் பெண்ணோடு 'பட்டாரோ' என்றொரு பெரிய மரப்பெட்டி புகுந்த வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. பித்தளைத் தகடு அடித்தது. உள்ளே அவள் தைத்த பூவேலைத் துணி, நகை. "ஆஹா, பாரம்பரியம்!" என்று உருகுகிறவர்களே, சாவி யாரிடம்?

இங்கே பேங்கில் நான் பார்ப்பதும் அதே கதைதான். நகை மருமகளுடையது, லாக்கர் மட்டும் மாமியார் பேரில்! கேட்டால், 'பத்திரமா இருக்கட்டுமே' என்பார்கள். ஐயா, சீதனம் முழுக்க மனைவிக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லியாச்சு. 2024-லும் திரும்பச் சொன்னது.

பெண்ணைப் பெற்றவர்களே, எத்தனை பவுன் என்று ஊருக்குச் சொன்னது போதும். நகைப் பட்டியலையும் பில்லையும் அவள் கையில் கொடுங்கள். அவள் பேரிலேயே லாக்கர் எடுங்கள். அதற்குக் கணவன் கையெழுத்து தேவையே இல்லை.