கேளாமல் தீர்ப்பில்லை

உழவனுக்கு ஏரும் மாடும் எப்படியோ, லாரியோ வேனோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைப்பவனுக்கு ஓட்டுநர் உரிமம் அப்படியே. அது மூன்று மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்படுமாயின், அடுப்படி முதல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரை அனைத்தும் தடுமாறும். அவ்வேளையில் பல குடும்பங்கள் இரண்டில் ஒன்றையே செய்கின்றன. 'சர்க்கார் உத்தரவுக்கு நாம் என்ன செய்ய முடியும்?' என்று வாளாவிருந்துவிடுகின்றன. அல்லது அலுவலக வாயிலில் நிற்கும் தரகரிடம் கடன் வாங்கிய பணத்தைக் கொடுத்து ஏமாறுகின்றன. இரண்டுமே வேண்டாதவை. சட்டமே நேரான வழியொன்றைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை இம்மாதம் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 19-ஆம் பிரிவில், உரிமம் வழங்கும் அதிகாரிக்குப் பெரும் அதிகாரம் அளிக்கிறது. ஒருவரைக் குறிப்பிட்ட காலத்திற்கு வாகனம் ஓட்டத் தகுதியற்றவர் என அவர் அறிவிக்கலாம். உரிமத்தையே ரத்து செய்யவும் செய்யலாம். ஆனால் அதே பிரிவு அவர்மீது இரு கடமைகளையும் சுமத்துகிறது. உரிமம் பெற்றவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும். உத்தரவுக்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேளாமல் தீர்ப்பிடலாகாது என்னும் நியதி, அறநூல்களில் மட்டுமன்றி இச்சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

அபராதம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, 2015-இல், குடிபோதை, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசியில் பேசியவாறு ஓட்டுதல், அதிகப் பாரம் ஏற்றுதல், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல் ஆகியவற்றுக்கு மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, இத்தகைய சில குற்றங்களில் காவல்துறையினர் உரிமத்தைக் கைப்பற்றி உரிய அதிகாரிக்கு அனுப்ப வகை செய்தது. ஆயினும் கைப்பற்றுவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. பின்னது உரிமம் வழங்கும் அதிகாரியின் பொறுப்பு. கைப்பற்றும் காவலர் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது ஓட்டுநரின் உரிமை.

அதன்பின் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். அதைப் பிரிக்காமல் மாடத்தில் செருகி வைத்துவிடும் வீடுகள் உண்டு. குறித்த நாள் கடந்துவிட்டால், பேச வேண்டியவர் பேசாமலே உத்தரவு பிறந்துவிடும். ஆதலின் அறிவிப்பு கிடைத்த தேதியை அதன்மேலேயே குறித்து வையுங்கள். நடந்ததை உள்ளபடி எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகல், வாகனத்தைச் சோதித்த ஆய்வாளரின் அறிக்கை முதலியவற்றை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். விபத்து வழக்கு நீதிமன்றத்தில் நடப்பது. உரிமம் பற்றிய விசாரணை அலுவலகத்தில் நடப்பது. ஒன்றுக்கு வழக்கறிஞர் இருக்கிறார் என்று மற்றொன்றை மறந்துவிடலாகாது. பாதகமான உத்தரவு வந்தால், அது கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கேட்பீர்கள். ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என 1976-இல் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அதை நிறைவேற்ற 1987-இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு வகுத்த வருமான வரம்புக்கு உட்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் இவ்வுதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வழக்குகளுக்கு மட்டுமல்ல, பிற அதிகாரிகள் முன் நடக்கும் விசாரணைகளுக்கும், வெறும் ஆலோசனைக்கும்கூட இச்சட்டம் இடம் தருகிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணையத்தையோ வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம்.

இறுதியாக, மனச்சான்றுக்கு ஒரு சொல். சட்ட உதவி என்பது குற்றத்தை மூடும் போர்வை அன்று. குடித்துவிட்டு ஓட்டியவர் வழக்கறிஞரிடமும் பொய்யுரைத்துத் தப்புவாராயின், நாளை அவர் வண்டிச் சக்கரத்தில் சிக்குவது யாருடைய பிள்ளையோ! தடைக்காலத்தில், 'இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று வண்டியை எடுப்பதும் கூடாது. அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. மேல்முறையீடு செய்திருப்பதாலேயே ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டதாகவும் கொள்ளலாகாது.

குற்றமற்றவர் அஞ்ச வேண்டாம். தவறியவர் மறைக்க வேண்டாம். இருவருக்கும் பேசும் உரிமை உண்டு. அந்த உரிமை காலாவதியாகாமல் காப்பது வீட்டிலுள்ளோர் கையில் இருக்கிறது. அறிவிப்பு வரும் நாளிலேயே அதைப் பிரித்துப் படியுங்கள்.