ஆர் மதிப்பு மட்டும் போதுமா?

"மச்சி, ஆர் 8.314-ஆ, 0.0821-ஆ?" எக்ஸாம் ஹால் வாசலில் எப்பவும் கேட்கிற கேள்வி. ரெண்டுமே அதே வாயு மாறிலிதான், அலகுதான் வேற. முதலாவது பாஸ்கல், கனமீட்டருக்கு. அடுத்தது அட்மாஸ்பியர், லிட்டருக்கு.

போன இன்டர்னலில் 1 மோல், 300 கெல்வின், 24.6 லிட்டர். அழுத்தம் கேட்டிருந்தாங்க. லிட்டரை மாத்தாமலே 8.314 போட்டேன், 101 வந்தது. பாஸ்கல்னு எழுதிட்டேன். உண்மையில் அது கிலோபாஸ்கல்! சாதாரணக் காற்றழுத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிட்டேன். கால்குலேட்டர் வாயே திறக்கல.

எல்லாத்தையும் எஸ்.ஐ.க்கு மாத்தியே ஆகணும்னு நான் சொல்லல. ஆர் எழுதும்போதே அதோட அலகையும் எழுதி, வரிக்கு வரி அடிச்சுப் பாருங்க. நேரமில்லையா? பத்து நொடிதான். எனக்குப் போனது நாலு மார்க்.

டயர் கணக்குன்னா, கேஜ் காட்டுற அழுத்தத்தோட வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டிக்கோங்க.