வண்டிக்கு வயசைப் பார்க்காதே! பிரேக்கைப் பார்!



நம்ம ஊரில் ஷோரூமில் போய்ப் புதுக் கார் எடுத்தவர் எத்தனை பேர்? ரெண்டு கை, மூணு கை மாறி வந்த ஜீப், ஆம்னி வேன், டி.வி.எஸ். 50. இதுதான் நம்ம வீட்டு வண்டி. சந்தைக்குப் போவதும் அதில்தான், ராத்திரியில் பிரசவ வலி கண்ட பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான்.

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. இது பழைய சட்டம். சோதனையை நாம் எதிர்க்கவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் அடிபடுவது நம்ம பிள்ளைகள்தான்.

நாம் எதிர்ப்பது கட்டணக் கொள்ளையை!

கார், ஜீப்புக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை, 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆக்கியது மத்திய அரசு. பைக்குக்கு 300 ரூபாய் 1,000 ஆனது. அது போதாதென்று 2025 ஆகஸ்டில் இன்னொரு அடி: 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000, பைக்குக்கு 2,000!

2025-26-இல் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நாலு குவிண்டால் நெல்லை அளந்து கொட்டினாலும் இந்தக் கட்டணம் தீராது!

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது அதே பிரேக், அதே லைட், அதே டயர். வண்டிக்கு 5 வயசு கூடினால் வேலை ரெண்டு மடங்கு ஆகிவிடுமா?

தினம் 100 கிலோமீட்டர் ஓடும் பட்டணத்துக் கார் மூணு வருஷத்தில் லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிடும். சொந்தக் கார் என்றால் 15 வருஷம் வரை அதற்கு இந்தச் சோதனையே கிடையாது! வாரம் ஒருநாள் சந்தைக்குப் போய் வரும் நம்ம வண்டிதான் ஆபத்தாம்!

பழசை உடைக்கக் கொடுத்துப் புதுசு வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. புதுசு வாங்க வசதி உள்ளவனுக்குச் சலுகை. பழசை ரிப்பேர் பார்த்து ஓட்டுகிறவனுக்குத் தண்டம். நல்லா ஓடுகிற வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு என்பதுதானே இதன் அர்த்தம்?

கட்ட முடியாதவன் என்ன செய்வான்? ஆர்.சி. இல்லாமல் பயந்து பயந்து ஓட்டுவான். அந்த வண்டி சோதனைக்கே வராது. பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் பாதுகாப்பையே கெடுக்கிறது!

நமது கோரிக்கைகள்:

1. கட்டணத்தைப் பழையபடி 600, 300 ரூபாயாகக் குறை!
2. வயசுக்கு ஒரு கட்டணம் என்பதை ரத்து செய்!
3. தாலுகா தோறும் சோதனை முகாம் நடத்து!
4. வண்டி தேறாவிட்டால் என்ன குறை என்று எழுதிக் கொடு! சரிசெய்ய அவகாசம் கொடு!

ஒருத்தர் போய்க் கேட்டால் மனு குப்பைக்குப் போகும். ஊரே திரண்டு கேட்டால் பதில் வரும். சங்கத்தில் சேருவீர்! அணிதிரண்டு வாரீர்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!